பாறை முனையில் சங்கரி

போனில் சங்கரியின் முகம் கடலுக்குள் இறங்கிவிட்டது.

நாகேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சந்தேகமே இல்லை. திரையில் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் நீலம், இரண்டுக்கும் நடுவே நூல் மாதிரி ஒரு வெள்ளைச் சாலை. அந்தச் சாலையில் இருக்கவேண்டிய மகளின் முகம், சின்ன வட்டத்துக்குள் பல் தெரியச் சிரித்தபடி, நீலத்தில் இருந்தது.

பக்கத்தில் நான்கு விசைத்தறிகளும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விரலால் இழுத்துப் படத்தைப் பெரிதாக்கினார். முகம் கரைக்கு வந்தது. இன்னும் பெரிதாக்கினார். மறுபடி கடலுக்குப் போனது. பயந்துபோய்ச் சிறிதாக்கினார். இப்போது அயர்லாந்து தேசமே உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கி, மகளின் முகம் மேற்குக் கடற்கரையில் பாதியை மறைத்துக்கொண்டது. அப்படிப் பார்க்கக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எவ்வளவு பெரிய அலை அடித்தாலும் அவ்வளவு பெரிய பிள்ளையை என்ன செய்துவிடும்?

சங்கரி அந்த ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் இருந்தாள். லீவு கிடைத்திருக்கிறது, கடலோரமாகச் சைக்கிளிலேயே போய்வரப் போகிறேன் என்று போன வாரம் சொன்னாள். கூட யார் வருகிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லையாம். ஒரு கம்பெனி சைக்கிள் கொடுக்கும், வழியைப் போனில் ஏற்றிவிடும், ராத்திரி தங்க அறை பிடித்துவைக்கும். அவ்வளவுதான். துணிமணிப் பை மட்டும் தனியாக வேனில் அடுத்த ஊருக்குப் போய்விடுமாம்.

பை வேனில் போகிறது, பிள்ளை சைக்கிளில் போகிறது. இதற்குக் காசு வேறு கட்டவேண்டும். நாகேந்திரனுக்குத் தெரிந்த டூர் என்றால் ஒரு வேன், ஒரு தூக்குவாளி நிறையப் புளிச்சோறு, வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டு வருவதற்கு ஒரு மச்சினன். வழிகாட்ட ஆளில்லாமல் அந்நிய தேசத்துப் பாறையோரம் தன்னந்தனியாகப் போவதை அவர் வம்சத்தில் யாரும் உல்லாசம் என்று சொன்னதில்லை.

"நமக்கு நாமதான்ப்பா வழிகாட்டி. அதுதான் இதுல விசேஷமே," என்றாள் சங்கரி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மாகிட்ட மட்டும் இப்பச் சொல்லாதீங்க. போயிட்டு வந்து நானே சொல்றேன்," என்றாள்.

பிறந்ததிலிருந்து எதற்கும் அம்மாவிடமே உத்தரவு கேட்ட பெண், முதல் தடவையாகத் தன்னிடம் கேட்கிறாள். அந்தப் பெருமை தலைக்கேறி, மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சரி என்றுவிட்டார். ஒருவர் இருக்கும் இடம் மற்றவருக்குத் தெரிகிற மாதிரி அவள் போன்களில் ஏதோ ஏற்பாடும் செய்துகொடுத்தாள். இன்று மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு போனைத் திறந்தவர் இன்னும் மூடவில்லை.

மகளுக்கு ஒன்று ஆகிவிடக் கூடாது. அது முதல் பயம். ஆகிவிட்டால், எனக்குத் தெரியும், நான்தான் போகச் சொன்னேன் என்று மனைவி சுப்புலட்சுமியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அது இரண்டாவது பயம். இதில் எது பெரிது என்று நினைத்துப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

பொறுக்கமாட்டாமல் மகளைக் கூப்பிட்டார். மணி அடித்து அறுந்தது. பின்னாலேயே ஒரு செய்தி வந்தது. ஓட்டிக்கொண்டிருக்கிறேன், நன்றாக இருக்கிறேன், சும்மா சும்மா கூப்பிட்டால் சார்ஜ் போய்விடும் என்று எழுதியிருந்தாள். இனிமேல் கூப்பிடவும் வழியில்லை.

தறியைக் கவனிக்க ஆளிடம் சொல்லிவிட்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு பாளையம்பட்டிக்குப் போனார். அங்கே செல்போன் கடை வைத்திருக்கும் சௌந்தர் ஒன்றுவிட்ட அக்கா மகன். முகம் ஏன் கடலுக்குள் போகிறது என்று அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் பயம் தெளிந்துவிடும் என்று நினைத்தார்.

"மாமா, இது வெறும் கோடு போட்ட படம். நிஜப் படத்துல காட்டுறேன், அப்ப நம்புவீக," என்று சௌந்தர் எதையோ தொட்டான்.

பச்சையும் நீலமும் மறைந்தன. கறுப்புக் கறுப்பாகச் செங்குத்தான பாறைகள் வந்தன. அவற்றின் காலடியில் வெள்ளை வெள்ளையாக நுரை. பாறை உச்சியில், கத்தி முனையில் வைத்தது போல அந்தச் சாலை. ஓரத்தில் ஒரு கைப்பிடிச் சுவர்கூட இல்லை. அதன்மேல் சங்கரி சிரித்துக்கொண்டே ஊர்ந்துகொண்டிருந்தாள்.

சௌந்தருக்கே முகம் வெளுத்துவிட்டது. பேச்சை மாற்றுவதற்காக அந்த ஊரில் இன்றைக்கு வெயிலா மழையா என்று தேடினான். பலத்த காற்று வீசும், கடலோரம் போகிறவர்கள் கவனமாக இருக்கவும் என்று போட்டிருந்தது. அதையும் வாய்விட்டுப் படித்துத் தொலைத்தான்.

"சங்கரிக்கு நீச்சல் தெரியுமா மாமா?"

"ஏலே, கொழாய்த் தண்ணி வாரதே பெரும்பாடா இருக்கிற ஊருல நீச்சல் பழக எங்கடா போறது?"

அந்த நேரம் பார்த்துச் சுப்புலட்சுமி கூப்பிட்டாள்.

அவர்கள் வீட்டில் பேசுவது கன்னடம், வாசல்படி தாண்டினால் தமிழ். நாகேந்திரனுக்கு ஒரு கோளாறு உண்டு. பொய் சொல்லும்போது மட்டும் மனைவியிடமும் தமிழில் பேசுவார். அவருக்கு அது தெரியாது. சுப்புலட்சுமிக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும். தறியை விட்டுவிட்டு எங்கே போனீர்கள் என்று அவள் கன்னடத்தில் கேட்டாள்.

"பாவு நூல் வாங்கத் திருச்சுழி வரைக்கும் போயிட்டு வாரேன்," என்றார் நல்ல தமிழில்.

சொந்த ஊரான அருப்புக்கோட்டையில் தெருவுக்கு ஒரு நூல்கடை இருக்கும்போது திருச்சுழிக்கு நூல் வாங்கப் போகிறவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். அவசரமாகப் போனை வைத்தார். அவள் மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் சுப்புலட்சுமியின் பெயர் திரை முழுக்க வந்து, பாறையையும் கடலையும் பெற்ற மகளையும் சேர்த்து மறைத்தது. அதற்குள் என்ன நடந்திருக்குமோ என்று அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"எவரு கூப்பிட்டாலும் இதுல தெரியக்கூடாது. எம்புள்ள மொகம் மட்டும் தெரியணும். அப்படிச் செஞ்சு குடு," என்று போனை நீட்டினார்.

சௌந்தர் செய்துகொடுத்தான். அத்தோடு ஒரு யோசனையும் சொன்னான். பரளச்சியில் கருத்தப்பாண்டி என்று விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி. அவர் மகன் மாரிக்கண்ணன் அதே அயர்லாந்தில் ஓட்டலில் சமையல்காரனாக இருக்கிறான். சின்னத் தீவுதானே, ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவரச் சொன்னால் ஆயிற்று.

வெயில் இறங்கத் தொடங்கிய நேரத்தில் மொபெட் பரளச்சி ரோட்டில் போனது. புரட்டாசி பாதி கழிந்தும் மழை எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. நாகேந்திரன் ஒரு கையால் வண்டியையும் மறு கையால் அயர்லாந்தையும் பிடித்துக்கொண்டு போனார். காற்றடிக்கும் பாறையோரத்தில் மகள் கவனமாக ஓட்டவேண்டுமே என்ற கவலையில், எதிரே வந்த பஸ்ஸை அவர் பார்க்கவில்லை. டிரைவர் வெட்டித் திருப்பி, தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?"

எல்லோரையும் கேட்கிற கேள்விதான். ஆனால் நாகேந்திரன் நிஜமாகவே சொல்லாமல்தான் வந்திருந்தார். வண்டியை ஓரங்கட்டி நின்று, சௌடேஸ்வரி அம்மனைக் கூப்பிட்டார். பிள்ளை பத்திரமாக அறை போய்ச் சேர்ந்தால் முடிகாணிக்கை செலுத்துவதாக நேர்ந்துகொண்டார். தன் தலையில் காணிக்கைக்கு ஒன்றும் மிச்சமில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வேறு வழியில்லாமல் சுப்புலட்சுமியின் முடியை நேர்ந்துகொண்டார். அதையும் அவளைக் கேட்கவில்லை.

பரளச்சியில் டீக்கடைப் பொன்னுத்தாய், கருத்தப்பாண்டி கண்மாய்க்குள் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருப்பதாகக் கையைக் காட்டினாள். கரை ஏறி இறங்கிக் கண்மாய்க்குள் மொபெட்டை விட்டார். தண்ணீர் தேங்கவேண்டிய கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். கொஞ்ச தூரத்தில் முன் டயர் சீறி அடங்கியது. அந்தச் சோகம் தாங்காமல் பின் டயரும் உட்கார்ந்தது. வண்டியை அங்கேயே சாய்த்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க நடந்தார்.

கருத்தப்பாண்டி தலைமுதல் கால்வரை கரியாக, விறகை உள்ளே வைத்துக் கரியாக்குகிற, புகையும் மூட்டத்தைச் சுற்றிவந்து மண் அப்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சைக்கிளில்தானே போகிறது, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அத்தனையும் சைக்கிளில்தானே பள்ளிக்கூடம் போகின்றன என்றார். நாகேந்திரன் போனை நீட்டினார். பாறையையும் நுரையையும் பார்த்த கருத்தப்பாண்டி தலைத்துண்டை அவிழ்த்தார்.

"ஏன் அண்ணாச்சி, அந்த நாட்டுல வேற ரோடே இல்லையா?"

பதில் சொல்வதற்குள் படம் உறைந்துவிட்டது. டவர் இல்லை. நாகேந்திரன் போனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடினார். கருத்தப்பாண்டி அவர் கையைப் பிடித்து, கண்மாய்க்கு நடுவில் கிடந்த ஒரு கல்லுக்குக் கூட்டிப்போனார்.

"இந்தச் சுத்துவட்டாரத்துலயே இந்தக் கல்லு மேலதான் டவரு கெடைக்கும். எம்மகன் பேசுறதுன்னா நான் இதுல ஏறித்தான் நிப்பேன். ஆனா அசையக்கூடாது. அசைஞ்சீகன்னா போயிரும்."

நாகேந்திரன் ஏறினார். போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, மூச்சைக்கூட அளந்து விட்டபடி நின்றார். உறைந்திருந்த படத்துக்கு உயிர் வந்தது. சங்கரி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். பாறையோரச் சாலை முடிந்து ஊருக்குள் திரும்புகிற இடம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம்தான். அதுவரைக்கும் இந்தக் கல்லிலேயே நின்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். கருத்தப்பாண்டியும் தைரியம் சொல்லிவிட்டு மூட்டத்தைப் பார்க்கப் போனார்.

கால் மரத்தது. முழங்காலில் எறும்பு ஏறியது. நாகேந்திரன் அசையவில்லை. தான் அசையாமல் இருக்கும்வரை மகளுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை அவருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்போதுதான் சங்கரி நின்றாள்.

ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த முகம் சாலை நடுவில் நின்றது. கொஞ்சம் பின்னால் வந்தது. மறுபடி முன்னால் போனது. பிறகு சாலையை விட்டே விலகி, பாறைப்பக்கம் திரும்பியது. "வேண்டாம்மா, வேண்டாம்மா," என்று நாகேந்திரன் கன்னடத்தில் போனிடம் கெஞ்சினார். முகம் கேட்கவில்லை. பாறையின் கடைசி முனைவரை போய், கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மூக்கு மாதிரியான இடத்தில் அப்படியே நின்றுவிட்டது.

அதன்பின் அசைவே இல்லை.

மகளைக் கூப்பிட்டார். மணியே அடிக்காமல் அறுந்தது. மறுபடி கூப்பிட்டார். மறுபடி அறுந்தது. அந்தக் கல்லின் டவருக்குப் படம் காட்டுகிற அளவுக்குத்தான் தெம்பு இருந்தது. காற்று தூக்கி அடித்திருக்குமா, கால் வழுக்கியிருக்குமா, போன் மட்டும் பாறையில் கிடந்து பிள்ளை கீழே போயிருக்குமா? வாய்விட்டு அழுதேவிட்டார்.

கருத்தப்பாண்டி ஓடிவந்தார். அவரும் கல்லில் ஏறினார். ஒரு ஆள் நிற்கிற கல்லில் இரண்டு ஆள் நிற்கவேண்டியிருந்ததால் ஒருவரையொருவர் இடுப்பில் பிடித்துக்கொண்டார்கள். கருத்தப்பாண்டி, வேறு கம்பெனி சிம் போட்ட தன் பட்டன் போனில் மகனுக்கு மிஸ்டு கால் கொடுத்தார். மாரிக்கண்ணன் உடனே திருப்பிக் கூப்பிட்டு விவரம் கேட்டான், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டான்.

பேச்சு முடிந்ததும் கருத்தப்பாண்டி தயங்கித் தயங்கிச் சொன்னார். மாரிக்கண்ணன் இருப்பது அந்த நாட்டின் மறுகோடியாம். பஸ்ஸைப் பிடித்தாலும் ராத்திரிதான் போய்ச்சேர முடியுமாம். ஆனால் கடலில் விழுந்தவர்களைத் தேடுகிற ஆட்கள் இருக்கிறார்களாம். அவர்களுக்குச் சொல்லிவிட்டானாம்.

"ஹெலிகாப்டர் அனுப்புறாகளாம் அண்ணாச்சி."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஹெலிகாப்டர் என்ற சொல்லைக் கேட்டதும் நாகேந்திரனுக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விட்டது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எவன் ஹெலிகாப்டர் அனுப்புவான்? ஒவ்வொன்றாகத் தான் செய்ததெல்லாம் கண்முன் வந்து நின்றது. பெருமைக்கு ஆசைப்பட்டுச் சரி என்றது, மனைவியிடம் மறைத்தது, அவள் கூப்பிடக் கூப்பிட எடுக்காதது. சங்கரி சிறுமியாக இருந்தபோது சைக்கிள் பழக்கியதும் அவர்தான். சீட்டைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடியவர், ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் கையை விட்டார். அன்றைக்கும் அவள் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டேதான் இருந்தாள்.

பொழுது சாய்ந்து கருவேலங்காட்டில் நிழல் நீண்டது. முகம் இன்னும் பாறை முனையிலேயே சிரித்துக்கொண்டிருந்தது. கருத்தப்பாண்டி மெல்ல இறங்கி, தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். நாகேந்திரன் வாங்கவில்லை.

தூரத்தில் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்மாய்க் கரைமேல் புழுதி கிளம்பியது. புழுதிக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு தீயணைப்பு வண்டி வந்தது. கரையில் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, உள்ளே இறங்கி, கருவேலஞ்செடிகளை நெரித்துக்கொண்டு அவர்களை நோக்கி வந்தது.

கருத்தப்பாண்டிக்குப் பகீரென்றது. பாடுபட்டுப் போட்ட கரிமூட்டம். புகையைப் பார்த்து எவனோ தப்பாகச் சொல்லிவிட்டான், தண்ணீரை அடித்துப் பாழாக்கப் போகிறார்கள் என்று மூட்டத்துக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

வண்டிக்குப் பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து சௌந்தர் இறங்கினான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு சுப்புலட்சுமி இறங்கினாள். தலை கலைந்து, முகம் வீங்கி, முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

நாகேந்திரனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சேதி வந்துவிட்டது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சர்க்கார் வண்டியோடு வந்திருக்கிறார்கள். கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். போன் மட்டும் கையை விட்டு இறங்கவில்லை.

"சுப்பு, நான்தான். நான்தான் போகச் சொன்னேன்," என்றார். பொய்யில்லாததால் கன்னடத்திலேயே வந்தது.

நடந்து வந்த சுப்புலட்சுமி பாதியில் நின்று, அவரை மேலும் கீழும் பார்த்தாள். வேட்டியைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். ஏதோ பொருந்தாததைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவள் பார்வை.

தீயணைப்புக்காரர்கள் திபுதிபுவென்று குதித்தார்கள். ஒருவர் தோளில் கயிற்றுச் சுருள். இன்னொருவர் கழுத்தில் லாரி டியூப். மூன்றாவது ஆள், நீந்துவதற்கு வசதியாக, சட்டையைக் கழற்றிவிட்டு டவுசரோடு நின்றார். மூன்று பேரும் காலுக்குக் கீழே பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்களுக்குத் தலைவராக வந்த வீரபாண்டி கருத்தப்பாண்டியைக் கூப்பிட்டார்.

"ஏய்யா, இதுதானே பரளச்சிக் கம்மா? தண்ணி எங்க?"

"தண்ணியா? அதப் பாத்து ரொம்ப நாளாச்சுங்க. மூட்டத்த ஒண்ணும் செஞ்சுராதீக."

வீரபாண்டி தொப்பியைக் கழற்றினார். தலையைச் சொறிந்தார். கல்லில் உட்கார்ந்திருந்த நாகேந்திரனிடம் வந்து, அவர் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தார். பாறை முனையில் சங்கரி சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டார்.

"நீங்க அதப் பாத்த மாதிரி அதுவும் போன்ல உங்களப் பாத்துக்கிட்டேதான் இருந்துருக்கு அண்ணாச்சி, படத்துல நீலமா இருக்கிற இந்தக் கம்மாக்கு நடுவுல உங்க மொகம் அசையாமக் கெடக்கவும், கூப்பிட்டாலும் நீங்க எடுக்காமப் போகவும், டவரு கெடைக்கிற எடம்னு அந்தப் பாறை முனையில போயி நின்னு, எங்கப்பா தண்ணியில முங்கிட்டாருன்னு ஊரையே கூப்பிட்டுக் கதறிக்கிட்டு இருக்கு, மொதல்ல இந்தக் கல்ல விட்டு எறங்குங்க."